ஒரு மில்லிமீட்டர் நகர்ந்த கதை

2008, ஆகஸ்ட் 11. பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஆண்களுக்கான 10 மீட்டர் ஏர் ரைபிள் இறுதிச் சுற்று தொடங்க இன்னும் சில நிமிடங்கள்தான். தகுதிச் சுற்றில் 600-க்கு 596 எடுத்து, நான்காவது ஆளாக உள்ளே வந்திருந்தார் அபினவ் பிந்த்ரா. இறுதிச் சுற்றுக்கு முன் குறியைச் சரிபார்த்துக்கொள்ளச் சில குண்டுகள் சுடலாம். அதற்கு மதிப்பெண் கிடையாது. முதல் குண்டைச் சுட்டுவிட்டுத் திரையைப் பார்த்தார். நான்கு!

காலையில் 60 குண்டுகளில் நான்கே நான்கு மதிப்பெண்களை மட்டும் இழந்த மனிதர் அவர். பத்தில் நான்கு எடுப்பதெல்லாம் துப்பாக்கியைப் பிடிக்கப் பழகிக்கொண்டிருக்கும் பள்ளிப் பையன்களுக்கு நடப்பது.

அந்த நான்கு எவ்வளவு பெரிய விலகல் என்று புரிய, இலக்கின் அளவு தெரிய வேண்டும். சுடுபவருக்கும் இலக்குக்கும் நடுவே 10 மீட்டர். இலக்கின் நடுவே உள்ள கறுப்பு வட்டம், நம் பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரியது, 30.5 மில்லிமீட்டர். அதன் மையத்தில் அரை மில்லிமீட்டருக்கு ஒரு புள்ளி. அதுதான் ‘பத்து’. சுடும் பெல்லட்டின் விட்டமே 4.5 மில்லிமீட்டர் என்பதால், நடுவில் பட்டால் அந்தப் புள்ளியே காணாமல் போய்விடும். மையத்திலிருந்து 2.5 மில்லிமீட்டர் விலகினால் ஒரு மதிப்பெண் குறையும். இறுதிச் சுற்றில் பத்திலொரு பங்கு வரை கணக்கு உண்டு. அங்கே 0.1 மதிப்பெண் என்பது கால் மில்லிமீட்டர்.

இவ்வளவு நுணுக்கத்துக்கும் துணை, துப்பாக்கியின் மேல் பொருத்தியிருக்கும் ‘சைட்’ மட்டும்தான். சினிமாவில் வில்லன் ஒற்றைக் கண்ணால் பார்க்கும் டெலஸ்கோப் மாதிரி இல்லை இது. ஏர் ரைபிள் போட்டியில் உருவத்தைப் பெரிதாக்கிக் காட்டும் லென்ஸுக்கு அனுமதியில்லை. கண்ணருகே ஊசித்துளை போன்ற ஒரு சின்னத் துளை, குழல் முனையில் ஒரு வளையம். துளை வழியே பார்க்கும்போது, முனை வளையத்துக்குள் அந்தக் கறுப்பு வட்டம் சுற்றிலும் ஒரே அளவு வெள்ளை விளிம்போடு உட்கார வேண்டும். (டெலஸ்கோப்புக்கு ஒலிம்பிக்கில் இடமே இருந்ததில்லை என்று நினைத்துவிட வேண்டாம். நகரும் இலக்கைச் சுடும் பிரிவில் அது இருந்தது. 2004 ஏதென்ஸோடு அந்தப் பிரிவே போய்விட்டது.)

பின் சைட்டில் இரண்டு திருகுகள் இருக்கும். ஒன்று மேலே கீழே நகர்த்த, இன்னொன்று இடம் வலமாக நகர்த்த. ‘டிக்... டிக்...’ என்று ஒவ்வொரு பல்லாக நகரும். கண் காட்டும் இடமும் குண்டு படும் இடமும் ஒன்றாகும்வரை இவற்றைத் திருகி வைப்பதைத்தான் ‘ஜீரோ’ செய்வது என்கிறார்கள்.

இரண்டு சைட்டுக்கும் இடையே ஏறக்குறைய 80 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இலக்கு 10 மீட்டரில். அப்படியானால் சைட்டில் ஏற்படும் பிசகு, இலக்கில் பன்னிரண்டரை மடங்காகத் தெரியும். இங்கே 0.1 மில்லிமீட்டர் நகர்ந்தால் அங்கே 1.25 மில்லிமீட்டர். அதாவது அரை மதிப்பெண் காலி! பிந்த்ரா எடுத்த நான்கை இதே கணக்கில் போட்டுப் பார்த்தால், சைட்டில் ஒன்றேகால் மில்லிமீட்டர் அளவுக்கு நகர்ந்திருந்தாலே போதும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கக்கூடிய பிழையா அது?

ஜீரோ செய்வதில் முதல் பாடம், ஒரே ஒரு குண்டை நம்பித் திருகில் கை வைக்கக் கூடாது என்பது. மூன்று அல்லது ஐந்து குண்டுகளை ஒரே மாதிரி சுட வேண்டும். அவை எங்கே கூட்டமாக விழுகின்றன என்று பார்த்து, அந்தக் கூட்டத்தின் நடுவை மையத்துக்குக் கொண்டுவர வேண்டும். துளைகள் ஒரே இடத்தில் நெருக்கமாக விழுந்து, ஆனால் மையத்திலிருந்து விலகியிருந்தால் கோளாறு சைட்டில். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறியிருந்தால் பெரும்பாலும் கோளாறு சுடுபவரிடம். இதைப் பிரித்துப் பார்க்கத் தெரியாதவர்கள், தன் தப்புக்கெல்லாம் திருகைத் திருகி, நன்றாக இருந்த சைட்டையும் கெடுத்துக்கொள்வார்கள்.

துப்பாக்கி ஒழுங்காக இருந்தும் ஜீரோ போய்விடுவது உண்டு. கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் நேற்று வைத்த இடத்தில் இன்று வைக்கவில்லை என்றால் கண் துளைக்கு நேராக வராது. தோளில் பதியும் இடம் மாறினாலும் அதே கதி. அதனால் ஒருவர் ஜீரோ செய்த ரைபிளை இன்னொருவர் வாங்கிச் சுட்டால், அதே இடத்தில் படும் என்று சொல்ல முடியாது. ஒருவர் அளவுக்குத் தைத்த சட்டை மாதிரிதான்.

பெய்ஜிங்கில் பிந்த்ராவின் சிக்கலே இதுதான். கோளாறு என்னிடமா, துப்பாக்கியிடமா? யோசிக்க நேரமில்லை. பின்னால் பயிற்சியாளர் இருந்தாலும், திருகைத் தொட வேண்டிய விரல் அவருடையது மட்டும்தான். துப்பாக்கிதான் என்று முடிவெடுத்து, மிச்சமிருந்த நிமிடங்களில் சைட்டைத் திருகி, சுட்டு, மறுபடி திருகிக் குறியை மையத்துக்குக் கொண்டுவந்தார். யாராவது வேண்டுமென்றே கை வைத்தார்களா? அந்தச் சந்தேகத்தை அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். நிரூபணமாகவில்லை.

இறுதிச் சுற்றின் முதல் குண்டு: 10.7. பத்துக் குண்டுகளில் ஒன்றுகூட பத்துக்குக் கீழே போகவில்லை. கடைசிக் குண்டுக்கு முன்னால் ஃபின்லாந்தின் ஹென்ரி ஹக்கினென் அவரோடு சமநிலையில் நின்றார். ஹக்கினென் 9.7. பிந்த்ரா 10.8. மொத்தம் 700.5. தனிநபர் பிரிவில் இந்தியாவுக்கு முதல் ஒலிம்பிக் தங்கம் அப்படித்தான் வந்தது.

எட்டு வருடம் கழித்து சைட் அவரை மறுபடி சோதித்தது. இந்த முறை சந்தேகத்துக்கே இடமில்லை, சைட் உடைந்தே போனது. 2016 ஆகஸ்ட் 8, ரியோ. அதுதான் தன் கடைசி ஒலிம்பிக் என்று முன்பே சொல்லிவிட்டுப் போயிருந்தார். போட்டிக்குச் சற்று முன், வைத்த இடத்திலிருந்து ரைபிள் கீழே விழ, சைட் இரண்டாக உடைந்தது. பையில் மாற்று சைட் இருந்தது. ஆனால், சைட்டை மாற்றினால் பழைய ஜீரோ அதோடு போய்விடும். பல மாதப் பயிற்சியில் பதிந்த அளவெல்லாம் விழுந்த சைட்டோடு போக, புதியதைப் பொருத்தி, முதல் திருகிலிருந்து ஆரம்பித்தார்.

அந்த சைட்டோடு 625.7 எடுத்து, ஏழாவது ஆளாக இறுதிச் சுற்றுக்குள் நுழைந்தார். அங்கே ஒவ்வொருவராக வெளியேற, நான்கு பேர் மிஞ்சினார்கள். அதில் பிந்த்ராவும் உக்ரைனின் செர்ஹி குலிஷும் சம மதிப்பெண். யார் வெளியே என்று முடிவு செய்ய, ஆளுக்கு ஒரு குண்டு.

குலிஷ் 10.5. பிந்த்ரா 10.0.

வித்தியாசம் அரை மதிப்பெண். இலக்கில் 1.25 மில்லிமீட்டர். சைட்டின் கணக்கில் 0.1 மில்லிமீட்டர். உடையாத சைட்டாக இருந்திருந்தால் என்று கேட்கத் தோன்றும். அதற்குப் பதில் எந்தக் கணக்கிலும் இல்லை. பிந்த்ரா நான்காம் இடத்தோடு வெளியேறினார். குலிஷ் அந்த ஒரு குண்டில் தப்பிப் பிழைத்து, வெள்ளிப் பதக்கத்தோடு ஊர் திரும்பினார்.