பசளைக்காக மூண்ட போர்

போர் மூளும்போது நமக்குச் சொல்லப்படும் காரணங்கள் எப்போதும் உயர்ந்தவை: நாட்டின் மானம், எல்லைப் பாதுகாப்பு, மீறப்பட்ட ஒப்பந்தம். இவை யாவும் பொய் என்று நாம் கூற வரவில்லை. ஆனால் இவற்றின் அடியில் ஒரு கணக்குப் புத்தகமும் இருக்கின்றது. தென்னமெரிக்காவில் 1879 இல் தொடங்கிய போர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அது பசளைக்காக மூண்ட போர்.

பசுபிக் கரையோரத்து அத்தகாமா பாலைவனத்தில் மழை மிக அரிது. அதனாலேயே சோடியம் நைத்திரேற்று எனப்படும் வெடியுப்பு அந்நிலத்தில் கரையாமல் தங்கியிருந்தது. ஐரோப்பிய வயல்களுக்கு அது பசளை. வெடிமருந்து செய்வோருக்கு மூலப்பொருள். நிலம் பொலிவியாவுக்கும் பெருவுக்கும் சொந்தம். ஆனால் பொலிவியப் பகுதியில் அதை அகழ்ந்தெடுத்தது சிலி, பிரித்தானிய முதலீட்டில் இயங்கிய ஒரு கம்பனி. சிலியின் அரசியல்வாதிகள் பலர் அதில் பங்குதாரர்கள்.

சிலிக் கம்பனிகளின் வரியை 25 ஆண்டுகளுக்கு உயர்த்துவதில்லை என்று பொலிவியா 1874 இல் உடன்பட்டிருந்தது. எனினும் 1878 இல், ஏறத்தாழ 46 கிலோ வெடியுப்புக்கு 10 சதம் என வரி விதித்தது. கம்பனி செலுத்த மறுத்தது. அதன் சொத்துக்களை ஏலம்விட பொலிவியா நாள் குறித்தது. அதே நாளில், 1879 பெப்ரவரி 14 அன்று, சிலியின் படை அந்தொபகஸ்தா துறைமுகத்தில் இறங்கியது. பொலிவியாவுடன் இரகசிய உடன்படிக்கை செய்திருந்த பெருவும் போருக்குள் இழுக்கப்பட்டது.

சிலி வென்றது. பெருவின் தரப்பாக்கா மாகாணமும் பொலிவியாவின் கரையோரம் முழுவதும் அதன் கைக்கு வந்தன. பொலிவியாவுக்கு இன்றுவரை கடற்கரை இல்லை.

இலாபம் யாருக்கு? பெரு அரசு போருக்கு முன்னரே, 1875 இல், வெடியுப்புத் தொழிலை அரசுடைமையாக்கி, உரிமையாளர்களுக்குப் பணத்துக்குப் பதிலாகப் பத்திரங்களைக் கொடுத்திருந்தது. போர்க்காலத்தில் அவற்றின் விலை அடிமட்டத்துக்கு வீழ்ந்தது. ஜோன் தோமஸ் நோர்த் என்ற ஆங்கிலேயர் அவற்றை மலிவாக வாங்கிக் குவித்தார். பத்திரம் வைத்திருப்பவருக்கே சுரங்கம் என்று 1881 இல் சிலி தீர்மானித்தது. நோர்த் 'வெடியுப்பு மன்னர்' ஆனார். ஏற்றுமதி வரியால் சிலி அரசின் திறைசேரியும் நிரம்பியது.

போர்க்களத்தில் மடிந்தவர்களோ மூன்று நாடுகளினதும் ஏழை விவசாயிகளும் தொழிலாளரும். வென்ற நாட்டின் ஏழைக்காவது விடிந்ததா? இல்லை. 1907 டிசம்பரில், கூலி உயர்வு கேட்டு இக்கிக்கே நகரப் பாடசாலையொன்றில் கூடியிருந்த வெடியுப்புத் தொழிலாளர்களை சிலி இராணுவம் சுட்டு வீழ்த்தியது. 1913 இல் ஜெர்மனியில், காற்றிலுள்ள நைதரசனைக் கொண்டு அமோனியா தயாரிக்கும் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. அதன்பின் சில பத்தாண்டுகளில் அந்த உப்பின் மதிப்பும் போயிற்று.

எனவே போர்முரசு கேட்கும்போதெல்லாம் நாம் மூன்று கேள்விகளைக் கேட்கப் பழகிக்கொள்வோம். அந்த மண்ணின் அடியில் என்ன இருக்கின்றது? அதற்குரிய பத்திரம் யார் கையில் இருக்கின்றது? படைக்குப் போவது யாருடைய பிள்ளைகள்?