பழுக்கும் கனியைத் துளைக்கும் ஈ: பூச்சிமருந்து மட்டும் போதுமா?

கிழக்கு ஆசியாவைத் தாயகமாகக் கொண்ட சிறிய பழ ஈ ஒன்று, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பெர்ரி விவசாயிகளுக்குப் பெரும் இழப்பை ஏற்படுத்தி வருகிறது. ஆண் ஈயின் சிறகுகளில் கரும்புள்ளிகள் இருப்பதால் புள்ளிச் சிறகுப் பழ ஈ என்று இது அழைக்கப்படுகிறது. 2008ஆம் ஆண்டில் கலிஃபோர்னியா, ஸ்பெயின், இத்தாலி ஆகிய இடங்களில் கண்டறியப்பட்ட இப்பூச்சி, 2012இல் பிரிட்டனையும் எட்டியது.

சமையலறையில் வாழைப்பழத்தை மொய்க்கும் ஈக்கள் இதன் உறவினங்களே. ஆனால் அவை பெரும்பாலும் கனிந்து அழுகத் தொடங்கிய பழங்களையே நாடுகின்றன. இந்த இனத்தின் பெண் ஈயோ, ரம்பம் போன்ற பற்களுள்ள முட்டையிடும் உறுப்பினால், செடியில் பழுத்துவரும் நல்ல கனியின் தோலைக் கிழித்து உள்ளே முட்டையிடுகிறது. ஸ்ட்ராபெர்ரி, ராஸ்பெர்ரி, புளூபெர்ரி, செர்ரி ஆகியவை அவ்வாறு உள்ளிருந்தே கெடுகின்றன.

தாக்குதல் நடக்கும் நேரம்தான் விவசாயியின் முதல் சிக்கல். அறுவடைக்குச் சில நாட்களே இருக்கையில் மருந்து தெளித்தால் அதன் எச்சம் பழத்தில் தங்கும். தெளிக்காவிட்டால் பழமே கெடும். ஏற்ற வெப்பநிலையில் முட்டை சுமார் 10 நாட்களிலேயே ஈயாகிவிடுவதால், ஒருமுறை தெளித்தால் போதாது. ஆனால் ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதிலும் ஆபத்து உண்டு. இயற்கை விவசாயிகள் பெரிதும் நம்பியிருக்கும் ஸ்பினோசாட் மருந்துக்கு எளிதில் மடியாத ஈக்கள் கலிஃபோர்னியாவின் ராஸ்பெர்ரித் தோட்டங்களில் காணப்பட்டுள்ளன.

எனவே பல வழிகளை இணைத்துக் கையாளுமாறு வல்லுநர்கள் பரிந்துரைக்கின்றனர். ஓரிரு நாட்களுக்கு ஒருமுறை பழம் பறித்தல், உதிர்ந்த பழங்களை அகற்றி அழித்தல், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கண்களுள்ள வலையால் செடிகளை மூடுதல், பறித்த பழங்களை உடனே குளிரூட்டுதல் ஆகியவை அவற்றில் முக்கியமானவை. இவை பயன் தருபவை. ஆனால் கூலியும் முதலீடும் கோருபவை. சிறு விவசாயிக்கு இது எளிய சுமையன்று.

மேலும், தன் தோட்டத்தைத் தூய்மையாக வைத்திருப்பவர்கூட முழுமையாகத் தப்ப முடியாது. அருகிலுள்ள காடுகளிலும் வேலிப் புதர்களிலும் விளையும் காட்டுப் பழங்களில் பெருகும் ஈக்கள் மீண்டும் தோட்டத்துக்குள் நுழைகின்றன. அங்கு வலையும் எட்டாது, மருந்தும் எட்டாது.

கிழக்கு ஆசியாவில் இந்த ஈயின் இயற்கை எதிரியாக விளங்கும் சிறு குளவியின் மீது கவனம் திரும்பியதற்கு இதுவே காரணம். பழத்துக்குள் இருக்கும் ஈயின் புழுவில் முட்டையிட்டு அதை இக்குளவி அழிக்கிறது. வேறு பூச்சிகளுக்குக் கேடு விளையுமா என்ற நீண்ட சோதனைகளுக்குப் பின்னரே, இத்தாலியில் 2021இலும் அமெரிக்காவில் 2022இலும் அது திறந்தவெளியில் விடப்பட்டது.

குளவி ஈயை முற்றாக ஒழித்துவிடாது. அதன் பெருக்கத்தைக் குறைக்கவே உதவும். ஆயினும் அது நிலைபெற்றால், வலை வாங்க வசதியுள்ளவருக்கும் இல்லாதவருக்கும் ஒரே அளவில் பயன் கிட்டும். வேலியை மதிக்காத பூச்சியைத் தனித்தனித் தோட்டங்களின் பிரச்சினையாக மட்டும் கருத முடியாது என்பதையே இந்த முயற்சி உணர்த்துகிறது.