உங்களுக்குத் தெரியுமா? யானை கொடுத்து வாங்கிய ஆஷ்ட்ரே!

திருத்தணி முருகன் சன்னதி எதிரே நிற்பது மயில் இல்லை, யானை! மகள் தெய்வானையோடு இந்திரன் அனுப்பிய சீதனம், ஐராவதம். அதுவும் சுவாமியைப் பார்க்காது. கிழக்கே, பிறந்த வீட்டுப் பக்கம் பார்த்தபடியே நிற்கும்!

அது புராணம். 1967-ல் நிஜமாகவே ஒரு யானைக்குட்டி கைமாறியது தெரியுமா? முதல் வகுப்புப் பயணிகளுக்குப் பரிசளிக்க ஓர் ஆஷ்ட்ரே வடிவமைத்துக் கொடுங்கள் என்று ஓவியர் சால்வடார் டாலியிடம் போய் நின்றது ஏர் இந்தியா. பணம் வேண்டாம், யானைக்குட்டி வேண்டும் என்றார் மனிதர்!

கொடுத்தேவிட்டார்கள்! பெங்களூரிலிருந்து ஜெனீவாவுக்கு விமானத்தில். அங்கிருந்து ஸ்பெயினில் டாலியின் ஊரான கடாகெஸுக்கு லாரியில். குட்டி வந்த குஷியில் ஊர் மேயர் விட்ட விடுமுறை 3 நாள்!

அந்த ஆஷ்ட்ரேயைத் தாங்குவதில் ஓர் அன்னமும் உண்டு. அதைத் தலைகீழாகப் பார்த்தால் யானைத் தலை! செய்தது மொத்தமே சுமார் 500.

ஏர் இந்தியா முதன்முதலில் படம் வாங்கியது 1956-ல். ஓவியர் பி.பிரபாவின் 6 ஓவியங்கள். ஒன்றின் விலை எண்பத்தேழரை ரூபாய்! (அப்போது திருத்தணியே ஆந்திராவில் இருந்தது. நம் பக்கம் வந்தது 1960 ஏப்ரல் 1-ல். ஏப்ரல் ஃபூல் இல்லை, நிஜம்!)

எண்பத்தேழரையை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். 2010-ல் எஸ்.எச்.ரஸாவின் 'சௌராஷ்ட்ரா' ஓவியம் ஏலத்தில் போன விலை 16 கோடிக்கு மேல்! 1956 விலைக்கு அந்தப் பணத்தில் 18 லட்சம் பிரபா ஓவியங்கள் வாங்கியிருக்கலாம்!

அதை வாங்கியவர் கிரண் நாடார். கணவர் ஹெச்.சி.எல். நிறுவனர் ஷிவ் நாடார். அவர் பிறந்த மூலைப்பொழி எங்கே இருக்கிறது? திருச்செந்தூர் பக்கம். பாருங்கள், இங்கேயும் முருகன்!

படம் வாங்கினால் போதுமா? மாட்ட ஒரு க்யூரேட்டர் வேண்டாமா? க்யூரேட்டர் என்றதும் சேப்பாக்கம் பிட்ச்தானே ஞாபகம் வருகிறது? ஓவியக் கண்காட்சிக்கும் க்யூரேட்டர் உண்டு! எதை மாட்டுவது, எங்கே மாட்டுவது, எதை மாட்டவே கூடாது எல்லாம் அவர் கையில்.

கொச்சி பினாலே என்ற கலைக் கண்காட்சி தொடங்கிய தேதி 12.12.12! நல்ல நாள் பார்ப்பதில் நம்மை மிஞ்சிவிட்டார்கள்.

அதிலேயே 2014-ல் மாணவர் பினாலே வந்தது. இளம் க்யூரேட்டர்கள் ஊர் ஊராகக் கலைக் கல்லூரிகளுக்குப் போய்ப் படைப்புகளைத் தேர்ந்தெடுப்பார்கள். டாடா அறக்கட்டளைகளும் கைகொடுத்தன. முதல் கண்காட்சி போட மாணவருக்கும் மேடை, க்யூரேட்டருக்கும் மேடை!

கொல்கத்தாவில் எக்ஸ்பெரிமென்டர் காலரி க்யூரேட்டர்களுக்கென்றே தனியாகக் கூட்டம் போடுகிறது. 2011-லிருந்து!

படம் சேர்த்தது ஏர் இந்தியா மட்டுமா? நியூயார்க்கின் சேஸ் வங்கியும் 1959-ல் ஆரம்பித்துவிட்டது. யோசனை, அந்த வங்கியின் டேவிட் ராக்ஃபெல்லருடையது!

இனி நம்மூர்க் கணக்கு. திருத்தணி மலைக்கு 365 படி. படிக்கு ஒரு படம் மாட்டுவோம். ஏர் இந்தியா சேர்த்தவை சுமார் 4,000. 2023-ல் தேசிய நவீன ஓவியக்கூடத்துக்குக் கைமாறிய சேகரம் அது. எல்லாவற்றையும் மாட்ட, மலை ஏறவேண்டியது 11 தடவை!

ஜெர்மனியின் டாய்ச்ச வங்கியிடம் இருப்பவை 50,000-க்கு மேல். வண்டியில் போவது கணக்கில் சேராது. அடிவாரத்திலிருந்து உச்சிக்கு, நடந்தே... குறைந்தது 137 தடவை!