பால்கட்டு என்று எண்ணியிருந்தோம்

புசாவல் நிலையத்தின் முன்பதிவுச் சாளரத்தில் அமர்ந்து பணியாற்றும் நம் கைக்கு நாள்தோறும் பலவகைச் சலுகைப் படிவங்கள் வந்து சேர்வதுண்டு. புற்றுநோயாளிகளுக்கு மருத்துவமனைகள் வழங்கும் படிவமும் அவற்றுள் ஒன்று. பெயரையும் முத்திரையையும் சரிபார்த்துப் பயணச்சீட்டைக் கொடுத்துவிட்டு, அடுத்தவரை அழைப்பதே நம் வழக்கம். சென்ற ஆண்டு அத்தகைய படிவமொன்றில் நம் மைத்துனியின் பெயரைக் கண்டோம். வயது 31. சாளரத்தின் மறுபுறம் கைக்குழந்தையுடன் நின்ற அவர், "அத்தான், கீழ்ப் படுக்கையாகப் பார்த்துக் கொடுங்கள், இவனும் கூட வருகிறான்" என்று மட்டும் சொன்னார்.

இதனைப் பத்திரிகையில் எழுதுவதா என்று நெடுநாள் தயங்கினோம். "எழுதுங்கள்; இன்னொருத்தி என்னைப்போல் காத்திருக்க வேண்டாம்" என்று அவரே கூறியபின் எழுதத் துணிந்தோம்.

கருவுற்ற ஐந்தாம் மாதத்தில் இடது மார்பில் பட்டாணி அளவில் ஒரு கட்டி இருப்பதை அவர் உணர்ந்தார். கூச்சத்தால் சில நாள் மறைத்துப் பின்னர் தம் தமக்கையிடம் கூறினார். உள்ளூர் மருத்துவர் ஒருவர், பால் சுரப்பிகள் பெருகும் காலம் இது என்றும், பிரசவத்திற்குப்பின் தானே கரைந்துவிடும் என்றும் சொல்லி அனுப்பிவிட்டார். ஏழாம் மாதத்தில் வளைகாப்பு நடத்தித் திருநெல்வேலிப் பக்கமுள்ள தாய்வீட்டிற்கு அனுப்பிவைத்தோம். வடக்கே மருத்துவரிடம் காட்டியாகிவிட்டது என்று அங்குள்ளோர் வாளாவிருந்தனர். ஊரில் பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நாம் இங்கே வாளாவிருந்தோம். மகன் பிறந்தபின் அதனைப் பால்கட்டு என்று கருதி வெந்நீர் ஒத்தடம் கொடுத்தனர். மூன்றாம் மாதம் குழந்தையுடன் அவர் இங்குத் திரும்பியபோது பட்டாணி எலுமிச்சையாகியிருந்தது. அக்குளிலும் நெறி கட்டியிருந்தது. இரண்டு ஊர்களுக்கும் இடையே ஏறத்தாழ எட்டு மாதங்களைத் தொலைத்துவிட்டோம்.

பிழைப்புக்காக ஊர்விட்டு வந்த குடும்பங்கள் அனைத்தும் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பிரசவத்திற்குத் தாய்வீடு செல்லும் நல்வழக்கத்தை நாம் குறை கூறவில்லை. ஆனால் பெண் போகும்போது அவளது மருத்துவக் காகிதங்களும் உடன் போக வேண்டும். திரும்பும்போது அவையும் திரும்ப வேண்டும்.

கருவுற்ற காலத்திலோ, பிரசவித்த ஓராண்டிற்குள்ளோ மார்பகப் புற்றுநோய் காணப்படுவது அரிதே. ஏறத்தாழ 3,000 கர்ப்பங்களில் ஒன்று என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஆயின் அந்நாள்களில் மார்பகம் பருத்துக் கெட்டிப்படுவது இயல்பாதலால், கட்டி அதனுள் மறைந்துகொள்கிறது, கண்டுபிடிப்பதும் தாமதமாகிறது. மார்பில் தோன்றும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. அதனைச் சோதனை சொல்லவேண்டுமேயன்றி, நாமே முடிவு செய்தல் தகாது. இரண்டு வாரத்திற்கு மேல் நீங்காத கட்டி எதுவாயினும், கருவுற்றவரும் பாலூட்டுபவரும் மருத்துவரிடம் காட்டியே ஆகவேண்டும். காம்பிலிருந்து இரத்தம் கசிதல், காம்பு உள்வாங்குதல், தோல் ஆரஞ்சுப்பழத் தோல்போல் குழிதல், மருந்துண்டும் ஆறாத வீக்கம் ஆகியவையும் எச்சரிக்கைகளே.

சோதித்தால் சிசுவுக்குத் தீங்கு நேருமோ என்ற அச்சம் வேண்டுவதில்லை. அல்ட்ராசவுண்ட் ஸ்கேனால் கேடில்லை. வயிற்றை மறைத்து மாமோகிராம் எடுக்கலாம். ஊசியால் சிறிது தசையெடுத்துச் சோதிக்கும் பயாப்சியும் கர்ப்பிணிகளுக்குச் செய்யத்தக்கதே.

நோய் உறுதிப்பட்டாலும் வழி அடைபட்டுவிடுவதில்லை. கர்ப்பத்தின் எந்த மாதத்திலும் அறுவை செய்ய இயலும். முதல் மூன்று மாதம் கடந்தபின் குறிப்பிட்ட கீமோதெரபி மருந்துகளைக் கொடுக்கலாம். பிரசவத்திற்குச் சில வாரம் முன்னர் நிறுத்திவிடுவர். கதிர்வீச்சுச் சிகிச்சையைக் குழந்தை பிறக்கும்வரை ஒத்திவைப்பது வழக்கம். கருவைக் கலைப்பதனால் மட்டும் தாயின் ஆயுள் கூடுவதில்லை என்பதையும் ஆராய்ந்து கண்டுள்ளனர். கருவுற்றிருக்கையில் புற்றுநோய் கண்ட தாய்மாரின் 129 குழந்தைகளைப் பற்றி ஐரோப்பிய மருத்துவர்கள் 2015இல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். அக்குழந்தைகளின் அறிவு வளர்ச்சியும் இதய நலமும் ஏனைய குழந்தைகளுடையவற்றை ஒத்திருந்தன என்று அது தெரிவித்தது. கீமோதெரபி நடக்கும்போது மட்டும் தாய்ப்பால் கொடுத்தலாகாது.

நம் மைத்துனிக்கு அதுவே பெருந்துயரமாயிற்று. மகன் இரவில் அழும்போதெல்லாம், புட்டியைப் பிடித்துக்கொண்டு நம் இல்லத்தரசி ஒருபுறமும் அவர் ஒருபுறமுமாக விழித்திருந்தனர். பம்பாய் பரேலில் 1941 முதல் இயங்கிவரும் டாட்டா நினைவு மருத்துவமனையில் கீமோதெரபியும் அறுவையும் கதிர்வீச்சும் முடிந்தன. தமிழகம் செல்ல எண்ணுவோர்க்கு, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் தம் சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரால் முனைந்து 1954இல் நிறுவிய அடையாறு நிலையம் உண்டு.

நம் துறை தொடர்பான செய்தியொன்றையும் சொல்லிவைக்கிறோம். சிகிச்சைக்கோ மறுபரிசோதனைக்கோ இரயிலில் செல்லும் புற்றுநோயாளிக்குப் படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்குக் குளிர்சாதன வகுப்பிலும் அடிப்படைக் கட்டணம் முழுவதும் விலக்கு. உடன் செல்லும் ஒருவருக்கு 75 விழுக்காடு சலுகை. மருத்துவமனை தரும் படிவத்தைச் சாளரத்தில் காட்டவேண்டும். இதனை அறியாமல் முழுக்கட்டணம் செலுத்திச் செல்வோர் பலரை நாம் கண்டிருக்கிறோம்.

குழந்தை இப்போது நடக்கிறான். அவன் தாய் குறித்த நாளில் பம்பாய் சென்று காட்டி வருகிறார். நோய் முற்றும் நீங்கிற்று என்று மருத்துவர்கள் இன்னும் கூறவில்லை. நம்பிக்கையோடிருங்கள் என்கின்றனர், இருக்கிறோம்.

சகோதரிகளே, கூச்சம் வேண்டாம். சகோதரர்களே, வீட்டுப்பெண் ஒரு கட்டி இருக்கிறது என்று சொன்னால், "பிரசவம் ஆகட்டும்" என்று மறுமொழி கூறாதீர்கள். அந்த வாரமே அழைத்துச் செல்லுங்கள்.