ஏ சைடு... பி சைடு... அப்பா சைடு!

ஆபீஸில் லஞ்ச் டைம். எதிர் சீட் தம்பி (வயசு 25, கல்யாணம் ஆகலை, காதில் எப்பவும் ஏதாவது செருகியிருக்கும்) டிபன் பாக்ஸைத் திறப்பதற்கு முன்னால் செல்போனைத் திறந்தார்.

''சார்! சூப்பர் பாட்டு ஒண்ணு அனுப்பியிருக்கேன், பாருங்க!''

''நேத்து அனுப்பினியேப்பா, அதையே இன்னும் பார்க்கலை...''

''பரவாயில்லை சார், நானும் இன்னும் முழுசா பார்க்கலை!''

இதுதான் ஸார் இன்றைய நிலைமை! அன்று ராத்திரி என் போனை எடுத்து எண்ணிப் பார்த்தேன். ஒரே வாரத்தில் நண்பர்கள், உறவினர்கள் அனுப்பிய பாட்டும் வீடியோவும் 43. நான் கேட்டது மூணு. அதிலும் ஒண்ணு, விளம்பரம் முடியறதுக்குள்ளே பஸ் வந்துடுச்சு.

ஒரு பாட்டை இன்னொருத்தருக்குக் கொடுப்பது ஒரு காலத்தில் இத்தனை சுலபமாக இல்லை. அது ஒரு சின்ன தவம்!

பிலிப்ஸ் கம்பெனி 1963-ல் கேஸட்டை அறிமுகப்படுத்தியது. நம்ம ஊர் டீக்கடையிலும் டவுன் பஸ்ஸிலும் அது ராஜாங்கம் நடத்தியது எண்பதுகளில். கடைத்தெருவுக்குக் கடைத்தெரு 'ரெக்கார்டிங் சென்டர்' முளைத்த காலம். வாசலில் இளையராஜா படம். உள்ளே ஊதுபத்தி வாசனை. கவுன்ட்டரில் எழுதிக்கொண்டு போன லிஸ்ட்டை நீட்டினால், கடைக்காரர் மருந்துச் சீட்டைப் பார்க்கும் கம்பவுண்டர் மாதிரி பார்த்துவிட்டு, ''நாளன்னிக்கு வாங்க'' என்பார்.

அந்த லிஸ்ட்டை எழுதுவதுதான் கஷ்டம். 60 நிமிஷ கேஸட் என்றால் சைடுக்கு 30 நிமிஷம். பாட்டுக்கு நாலரை நிமிஷம் போட்டால், ஒரு பக்கத்துக்கு ஆறு பாட்டு. ஏழாவது பாட்டு பாதியில் 'டக்'கென்று நின்றுவிடும். ஆகவே, ரெண்டு பக்கமும் சேர்த்துப் பன்னிரண்டே பன்னிரண்டு! இதில் முதல் பாட்டு எது, கடைசிப் பாட்டு எது, சோகத்தை எங்கே வைப்பது என்று ராத்தூக்கம் கெட்டவர்கள் உண்டு. அத்தை பெண்ணுக்குக் கேஸட் கொடுத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். லெட்டரில் எழுத பயந்ததை எல்லாம் பி சைடு நாலாவது பாட்டில் சொல்லியிருப்பார்கள்!

வீடியோ பார்ப்பதும் அப்படித்தான். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' வந்தால், டி.வி. இருக்கிற வீட்டுத் திண்ணையில் தெருவே உட்கார்ந்திருக்கும். விசேஷ நாளில் 'டெக்' வாடகைக்கு எடுத்து, விடிய விடிய மூணு படம். தனியாக எவனும் பார்த்ததில்லை. தனியாகப் பார்க்க முடிந்ததுமில்லை.

சரி, இந்த ரசனை எல்லாம் எங்கிருந்து வந்தது? எனக்கு வந்தது அப்பாவிடமிருந்து.

எங்கள் ஊர் மன்னார்குடி. அங்கே சென்னை வானொலியைவிட இலங்கை வானொலி துல்லியமாகக் கேட்கும். கே.எஸ்.ராஜாவும் பி.எச்.அப்துல் ஹமீதும் எங்கள் வீட்டு மனுஷர்கள் மாதிரி. அப்பா ஒரு சாதாரண கிளார்க். ஆர்மோனியம் தொட்டதில்லை, ராகம் தெரியாது. ஆனால் ரேடியோ முன்னால் உட்கார்ந்தால் ஆள் மாறிவிடுவார். ''பாடுறவங்களை எல்லாரும்தான் கேட்பாங்க. நடுவுல ஒரு ஃப்ளூட் வருது பாரு, அதைக் கேளு'' என்பார். விஸ்வநாதன்-ராமமூர்த்தி பாட்டில் எந்த இடத்தில் எந்த வாத்தியம் நுழைகிறது என்று, ஊர்ப் பெரியவர் பங்காளிகளை அடையாளம் காட்டுவது போலக் காட்டுவார். எனக்குக் காது திறந்தது அங்கேதான்.

திறந்த காது சும்மா இருக்குமா? நான் இளையராஜா பக்கம் போனேன். வீட்டில் தினமும் யுத்தம்.

''என்னடா இது, ஒரே மேளச் சத்தமா இருக்கு?''

''உங்க காலம் முடிஞ்சு போச்சுப்பா!''

அப்பா சிரித்துவிட்டார். அவர் எம்.எஸ்.வி. பாட்டை முணுமுணுத்தபோது தாத்தா, ''பாகவதர் மாதிரி வருமா?'' என்று திட்டியது ஞாபகம் வந்திருக்கும். தாத்தா, 1944-ல் வெளியாகி மூணு தீபாவளி கண்ட 'ஹரிதாஸ்' கோஷ்டி! 'அன்னக்கிளி' வந்த 1976-ல் அப்பாவுக்கு இளையராஜா புதுசு. 'ரோஜா' வந்த 1992-ல் இளையராஜாவே 'பழசு' என்றான் என் நண்பன். இந்தச் சண்டைக்கு முடிவே கிடையாது.

அந்த ரோஜாவில்தான் நான் ஒரு குற்றம் செய்தேன்.

நண்பன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அந்தக் கேஸட்டைக் கொடுத்தான். திங்கள் காலையில் திருப்பித் தரவேண்டும். அவன் வீட்டில் டபுள் டெக் செட் இருந்தது. என்னிடம் காலி கேஸட் இல்லை. கடையும் மூடியாச்சு. அப்பாவின் டிரங்குப் பெட்டியைக் குடைந்தேன். டி.எம்.எஸ்., பி.பி.ஸ்ரீநிவாஸ், சுசீலா... தொட்டால் கொலை விழும். ஒரு கேஸட்டில் மட்டும் பாட்டு லிஸ்ட் இல்லை. அப்பா கையெழுத்தில் 'வீடு - 84' என்று மட்டும் இருந்தது. ஏதோ ஒண்ணுமில்லாததுதான் என்று முடிவு கட்டினேன்.

கேஸட்டின் பின்பக்கம் ரெண்டு குட்டி பிளாஸ்டிக் துண்டு இருக்கும். அதை உடைத்துவிட்டால் ரெக்கார்ட் பட்டன் அழுந்தாது. 'இதை அழிக்காதே' என்று அர்த்தம். அப்பா உடைத்து வைத்திருந்தார். ஆனால், உடைத்த ஓட்டை மேல் செல்லோ டேப் ஒட்டினால் பட்டன் மறுபடி அழுந்தும். ஒட்டினேன். அழுத்தினேன்.

கேஸட்டில் அழிந்தது அழிந்ததுதான். டேப் போகிற வழியில் முதலில் அழிக்கிற ஹெட், அடுத்துதான் பதிகிற ஹெட். பழையதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுத்தான் புதுசை எழுதும். கம்ப்யூட்டர் குப்பைத்தொட்டியில் கைவிட்டுத் தேடுகிற சலுகை எல்லாம் கிடையாது.

மறுநாள் அப்பா அதைப் போட்டுப் பார்த்தார். ரெண்டு நிமிஷம் கேட்டார். ''பாட்டு நல்லாத்தான் இருக்கு'' என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். விஷயத்தைச் சொன்னது அம்மாதான். ''அதுல நான் பாடினது இருந்துச்சுடா. எங்கம்மா சொல்லிக்குடுத்த நலங்குப் பாட்டு. உங்கப்பா ஆசைப்பட்டுப் பதிஞ்சு வெச்சிருந்தார். போனா போகுது, நான் என்ன சுசீலாவா?'' என்று சிரித்தாள்.

நானும் சிரித்தேன். அந்த வயசில் அம்மா என்றால் எப்பவும் சமையலறையில் இருக்கிற ஒருத்தி. குரலுக்கு என்ன பஞ்சம்?

2006-ல் அம்மா போய்விட்டாள். போட்டோ நிறைய இருந்தது. குரல் இல்லை. என் கல்யாண வீடியோவில் அம்மா வருகிறாள், பேசுகிறாள். ஆனால், வீடியோக்காரர் நாதஸ்வரத்தையும் சினிமாப் பாட்டையும் மேலே போட்டு மூடிவிட்டார். வாய் மட்டும் அசைகிறது.

ஏ.ஆர்.ரஹ்மானுக்கு 9 வயசில் அப்பா ஆர்.கே.சேகர் காலமானார். மலையாள சினிமாவில் இசையமைப்பாளராக இருந்தவர். அவர் விட்டுப்போன வாத்தியங்களை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் நடந்தது. அந்தப் பையன்தான் தன் முதல் படத்துக்கே தேசிய விருது வாங்கினார். ஒரு தகப்பனின் சங்கீதம் மகனுக்குச் சாப்பாடும் போட்டது, பாதையும் போட்டது. அந்த 'ரோஜா'வைப் பதிவு செய்யத்தான் நான் என் அம்மா குரலை அழித்தேன் என்று நினைக்கும்போதெல்லாம் தொண்டை அடைக்கும்.

2020 போகி. பரணைக் காலி பண்ணினோம். டிரங்குப் பெட்டியை நான் வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது, ஈஸி சேரில் இருந்து அப்பா குரல்: ''அதை இறக்கு. அந்த 'வீடு' கேஸட்டை எடு.''

பழைய டூ-இன்-ஒன்னில் போட்டார். ரோஜா பாட்டு ஓடியது. ''ஃபார்வர்டு பண்ணட்டுமாப்பா?'' என்றேன். ''வேணாம், டேப் அறுந்துடும்'' என்றார். அரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். கடைசிப் பாட்டு முடிந்தது. 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம்.

அம்மா!

பாட்டின் கடைசி வரி. பின்னணியில் குக்கர் விசில். பிறகு, ''என்னங்க, போதும் நிறுத்துங்க... அடுப்புல குழம்பு தீயுது!'' 'டக்'.

நாற்பது விநாடி. நான் அன்று பாட்டு முடிந்ததும் ஸ்டாப்பை அழுத்திவிட்டேன். சைடு முடிய கொஞ்சம் டேப் மிச்சம் இருந்திருக்கிறது. கேஸட் ஒரு விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடும். கணக்குப் போட்டுப் பாருங்கள்... நாலு முழ வேட்டி நீளம்கூட இருக்குமோ என்னவோ, அவ்வளவு டேப்பில் அம்மா தப்பித்திருக்கிறாள்!

''உங்களுக்கு எப்பப்பா தெரியும்?''

''அவ போன வருஷத்துலேர்ந்து. அதைக் கேட்கணும்னா முதல்ல உன் பாட்டு எல்லாத்தையும் கேட்டாகணும். கேட்டுக் கேட்டு அந்தப் பையனும் பிடிச்சுப் போயிட்டான்டா. ஃப்ளூட்டை நல்லா யூஸ் பண்றான்!''

14 வருஷம்! சொன்னால் நான் வருத்தப்படுவேன் என்று சொல்லவே இல்லை மனுஷன்.

அன்றே கேஸட்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்றினேன். பெரிய வித்தை இல்லை. டேப் ரெக்கார்டரின் ஹெட்போன் ஓட்டையிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு ஒயர், பதிவு செய்ய ஓர் இலவச சாஃப்ட்வேர். ஒரே ஒரு நிபந்தனை: 60 நிமிஷ கேஸட்டுக்கு 60 நிமிஷம் உட்கார்ந்தே ஆகவேண்டும். குறுக்கு வழி இல்லை. உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பெட்டி இருக்கும். காந்தம் இருக்கிற ஸ்பீக்கர் பக்கத்தில் வைக்காதீர்கள், வெயிலில் வைக்காதீர்கள். லிஸ்ட் எழுதாத கேஸட் இருந்தால், அதை முதலில் போட்டுக் கேளுங்கள். டேப் சிக்கினால்... பென்சில் எப்படி உபயோகிப்பது என்று அப்பாவே சொல்லித் தருவார்!

இப்போது அப்பாவுக்கு 84. அவரும் வாட்ஸ்அப்பில் பாட்டு அனுப்புகிறார். ஆனால் வாரத்துக்கு ஒண்ணே ஒண்ணு. கீழே ஒரு வரி: '2 நிமிஷம் 10 செகண்டில் வயலின் வரும், கேள்.' அப்பா அனுப்பினால் மட்டும் நான் முழுசாகக் கேட்கிறேன். அவர் முழுசாகக் கேட்டுவிட்டு அனுப்புகிறார் என்று தெரியும்.

எதிர் சீட் தம்பியிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். மறுநாள் ஒரு பாட்டு வந்தது. கீழே, '1 நிமிஷம் 40 செகண்டைக் கேளுங்க சார்' என்று ஒரு வரி.

ஆவலோடு கேட்டேன். அந்த இடத்தில் விளம்பரம் வந்தது!

பரவாயில்லை... பழகிடுவார்.