விரலுக்குக் கூடு உண்டு, காதுக்கு?

தவில் வித்வான்கள் விரல்களில் கூடு மாட்டாமல் வாசிக்க உட்காருவதில்லை. ஆனால் பக்கத்திலேயே நாதஸ்வரம் முழங்க, மணிக்கணக்கில் அந்த ஓசையை வாங்கும் காதுகளுக்கு ஒரு காப்பும் கிடையாது. காது சோதனை செய்யும் தொழிலில் இருப்பதால் இதன் விளைவை நான் அடிக்கடி பார்க்கிறேன். பேச்சு நன்றாகவே கேட்கும். ஆனால் சோதனைத் தாளில் 4,000 ஹெர்ட்ஸ் அருகே கோடு பள்ளத்தில் இறங்கியிருக்கும். உட்செவியின் நுண்மயிர்ச் செல்கள் பழுதானதன் அடையாளம் அது. அழிந்த செல்கள் மீண்டும் முளைப்பதில்லை.

ஓசைக்கும் நேரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. 85 டெசிபல் ஓசையில் நாளொன்றுக்கு 8 மணி நேரம் இருக்கலாம் என்பது அமெரிக்கத் தேசியப் பணியிடப் பாதுகாப்பு, நலவாழ்வு நிறுவனத்தின் பரிந்துரை. அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி, 100-க்கு வெறும் 15 நிமிடம். ஜன்னலைச் சாத்திக்கொண்டு சிறிய அறையில் சாதகம் செய்தால், சுவரில் பட்டுத் திரும்பும் ஓசையும் சேர்ந்துகொள்ளும்.

"பஞ்சு வைத்துக்கொண்டால் போதாதா?" என்று கேட்கிறார்கள். போதாது, பஞ்சு தடுப்பது மிகக் குறைவு. தொழிற்சாலைகளில் தரும் நுரை அடைப்பான் நன்றாகவே தடுக்கும். ஆனால் உச்ச ஒலிகளை அதிகம் தடுப்பதால் நாதம் மங்கிவிடும். சொற்கள் தெளிவாகக் கேட்கவில்லையென்று வித்வான் இன்னும் ஓங்கி வாசிப்பார். அல்லது கழற்றிப் பையில் போட்டுவிடுவார். பையில் கிடக்கும் அடைப்பானால் யாருக்கு என்ன பயன்?

இசைக்கலைஞருக்கு வேண்டியது, கீழ் ஒலியையும் மேல் ஒலியையும் ஏறக்குறைய ஒரே அளவில் தணிக்கும் அடைப்பான். 1988-ல் எட்டிமோட்டிக் ரிசர்ச் நிறுவனம் கொண்டுவந்த ஈஆர்-15 இந்த வகை. இது 15 டெசிபல் குறைக்கும். அதாவது 100 டெசிபல் 85 ஆகும். 15 நிமிடம் 8 மணியாகும்! 9, 25 டெசிபல் குறைக்கும் வடிகட்டிகளும் உண்டு. பொதுவாக வயலின், வீணைக்கு 9 போதும். தவிலுக்கு 15 அல்லது 25 பார்க்கலாம்.

இவற்றைக் காதின் அச்செடுத்துச் செய்வார்கள். நாதஸ்வரம், புல்லாங்குழல் வாசிப்பவர்கள் அச்சை ஆழமாக எடுக்கச் சொல்லுங்கள். இல்லையேல் சொந்த ஊதலே மண்டைக்குள் அதிரும். செலவு அதிகமென்றால், இசைக்கென்றே வரும் ஆயத்த அடைப்பானில் தொடங்கலாம்.

முதலில் சில நாள் சாதகத்தில் போட்டுப் பழகிய பிறகே கச்சேரிக்குப் போடுங்கள். வாசித்து முடித்தபின் காதில் ரீங்காரம் கேட்டால் அலட்சியம் வேண்டாம். ஆண்டுக்கொரு முறை சோதித்துக்கொள்வது நல்லது.