உப்புப் போட்டு அரைத்த சாவி

விருதுநகர் பஜாரிலாகட்டும், சிவகாசி பஸ் நிலையத்துப் பக்கமாகட்டும், ஏதாவதொரு ஜெராக்ஸ் கடை வாசலில் ஐந்து நிமிஷம் நின்றால் போதும். இப்படியொரு சம்பாஷணை காதில் விழாமல் இராது.

"தம்பி, ஆதார் ஒரு காப்பி எடுத்துக் குடு. பிள்ளையைப் பள்ளிக்கூடத்துல சேக்கணும்."

"பாஸ்வேர்டு கேக்குதுக்கா. உங்க பேரு?"

"மீனாட்சி."

"பொறந்த வருஷம்?"

"எம்பத்தஞ்சு."

தட தடவென்று எட்டுத் தட்டு. ஃபைல் திறந்துகொள்கிறது!

இதில் மாயம் ஒன்றுமில்லை. இணையத்திலிருந்து இறக்கும் இ-ஆதாருக்கு ஆதார் ஆணையம் வகுத்திருக்கும் விதி அது. பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துக்கள் பெரிய எழுத்தில், அதையடுத்துப் பிறந்த வருஷம். அந்த மீனாட்சிக்கு 'எம் இ இ என் 1985'. யாருக்கும் மறக்காது. ஆனால் மறக்காத சாவி ஊருக்கே தெரிந்த சாவியாகவும் இருந்துவிட்டால்?

விழுதிலிருந்து மிளகாய் வருமா?

பாஸ்வேர்டுதான் சாவி என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதுதான் இல்லை! ஃபைலைப் பூட்டும் உண்மையான சாவி, பூஜ்யமும் ஒன்றுமாக 128 அல்லது 256 இலக்கங்கள் கொண்ட நீண்ட வரிசை. அதை மனப்பாடம் செய்ய யாரால் முடியும்? ஆகையால் நாம் தட்டும் பாஸ்வேர்டை வாங்கி, மென்பொருள் தானே அந்தச் சாவியைத் தயாரித்துக்கொள்கிறது.

அம்மியில் மிளகாய், மல்லி, சீரகம் வைத்து அரைக்கிறோம். அரைத்த விழுதிலிருந்து மிளகாயைத் திரும்ப எடுக்க முடியுமா? முடியாது. இந்தக் கணக்கும் அப்படித்தான். பாஸ்வேர்டிலிருந்து சாவி வரும். சாவியிலிருந்து பாஸ்வேர்டு வராது. ஒரே சரக்கைப் போட்டால் எத்தனை முறை அரைத்தாலும் ஒரே விழுது. ஓர் எழுத்து மாறினாலோ, விழுது முற்றிலும் வேறு.

அப்படியானால் திருடன் என்ன செய்வான்? ஊகிப்பான். ஒவ்வொரு பாஸ்வேர்டாக அரைத்துப் பார்த்து, பூட்டுத் திறக்கிறதா என்று சோதிப்பான். அவனுக்குக் கை வலிக்காது. கம்ப்யூட்டர் அரைத்துக் கொடுக்கும்.

உப்பின் மகிமை

இந்தத் திருடனுக்கு 1979-ஆம் வருஷமே இரண்டு தடைகளை விளக்கி எழுதினார்கள், அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த ராபர்ட் மாரிஸ், கென் தாம்ஸன் என்ற இருவர். முதல் தடைக்கு அவர்கள் வைத்த பெயர் என்ன தெரியுமா? உப்பு! ஒவ்வொருவரின் பாஸ்வேர்டோடும் தனித்தனியாக ஒரு சிட்டிகை தாறுமாறான எண்களைச் சேர்த்து அரைப்பது. ஆயிரம் பேர் ஒரே பாஸ்வேர்டு வைத்திருந்தாலும் ஆயிரம் விழுதும் வெவ்வேறாக இருக்கும். திருடன் முன்கூட்டியே அரைத்து வைத்துக்கொண்டு வரவும் வழியில்லை.

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது இங்கேயும் உண்மையாயிற்று. 2012-இல் லிங்க்ட்இன் நிறுவனத்திலிருந்து சுமார் 65 லட்சம் பாஸ்வேர்டு விழுதுகள் வெளியே கசிந்தன. அவற்றில் உப்பே போடவில்லை. ஊகித்தவர்களுக்கு அது பெரிய சௌகரியமாகப் போய்விட்டது.

ஆயிரம் வாலா

இரண்டாவது தடை, தாமதம். இதைச் சிவகாசிக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். சரவெடியில் முதல் வெடி வெடித்த பிறகுதானே நெருப்பு அடுத்ததற்குப் போகிறது? கடைசி வெடிக்கு நேரே தாவ முடியாது. அதே மாதிரி, அரைத்ததை மறுபடி அரைத்து, அதையும் மறுபடி அரைத்து, கடைசிச் சுற்றில் வருவதே சாவி. உரியவருக்கு ஒரு தடவை, ஒரு விநாடிக் காத்திருப்பு. திருடனுக்கோ ஒவ்வோர் ஊகத்துக்கும் ஒரு முழுச் சரம்!

மாரிஸ், தாம்ஸன் காலத்தில் 25 சுற்று. 2000-இல் வெளியான 'பி.பி.கே.டி.எஃப். 2' என்ற முறை குறைந்தது 1,000 சுற்று என்றது. உங்கள் வீட்டு வைஃபை, டபிள்யூ.பி.ஏ. 2 ரகமானால், 4,096 சுற்று. அதில் உப்பு, வைஃபைக்கு நீங்கள் வைத்த பெயரேதான்! யந்திரங்களின் வேகம் ஏற ஏற, சுற்றும் ஏறியது. 2023-இல் ஓவாஸ்ப் என்ற பாதுகாப்பு அமைப்பு சிபாரிசு செய்தது ஆறு லட்சம் சுற்று. 2015-இல் ஒரு சர்வதேசப் போட்டியில் வென்ற 'ஆர்கான் 2' என்ற முறை இன்னும் கெட்டி. ஒவ்வோர் ஊகத்துக்கும் கம்ப்யூட்டரின் நினைவகத்தில் பெரிய அண்டா அளவு இடம் கேட்கும். ஒரே அடுப்பில் எத்தனை அண்டா வைக்க முடியும்?

சுற்றைக் குறைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி உண்டு. 2008-இல் வந்த அக்ரோபாட் 9, 128 இலக்கச் சாவியை விட்டு 256 இலக்கச் சாவிக்கு மாறியது. ஆனால் பழைய பதிப்பில் 50 சுற்றுக்கு மேல் அரைத்ததை, இதில் ஒரே சுற்றாக்கிவிட்டார்கள். பூட்டுப் பெரிதாயிற்று, ஊகிப்பதோ முன்னைவிடச் சுலபமாயிற்று! அடுத்த பதிப்பில் திருத்தினார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

நான்கு எழுத்து, நூறு வருஷம் என்று வைத்தால் மொத்தம் சுமார் 4 கோடியே 57 லட்சம் பாஸ்வேர்டுகள். ஓர் ஊகத்துக்கு ஒரு விநாடி என்றால், எல்லாவற்றையும் பார்த்து முடிக்க ஏறக்குறைய ஒன்றரை வருஷம். பரவாயில்லையே என்கிறீர்களா? பொறுங்கள். மீனாட்சி என்ற பெயர் தெரிந்துவிட்டால் மிச்சம் நூறே வருஷம், நூறே விநாடி! ஆளை நேரில் பார்த்தவன் என்றால் பத்துப் பதினைந்து ஊகம் போதும். எத்தனை சுற்று அரைத்தாலும், உள்ளே போட்ட சரக்கு எல்லோருக்கும் தெரிந்ததென்றால் பயனில்லை.

ஆதார் பாஸ்வேர்டின் விதியை நாம் மாற்ற முடியாது. ஆனால் ஃபைலைக் காப்பாற்ற முடியும். எண்ணில் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் 'மாஸ்க்டு ஆதார்' என்ற வகையும் உண்டு. ஏற்கும் இடங்களில் அதையே கொடுங்கள். கடையில் காப்பி எடுத்ததும் ஃபைலை அழிக்கச் சொல்லுங்கள். குப்பைத் தொட்டியிலிருந்தும் அழிக்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் திறந்திருந்தால் மூடச் சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டாம், முகவரியும் படமும் பிறந்த தேதியும் உங்களுடையவை. அவற்றை வைத்து உங்கள் பெயரில் கடன் கேட்கத் துணிகிறவர்களும் இருக்கிறார்கள்.

நாமே வைக்கும் பாஸ்வேர்டுக்கு மட்டும் ஊரும் பேரும் பிறந்த வருஷமும் வேண்டவே வேண்டாம். 7,776 சொற்கள் கொண்ட ஒரு பட்டியலிலிருந்து, பகடை உருட்டி நான்கு சொற்களைப் பொறுக்கிக் கோர்த்தால், ஊகத்துக்கு ஒரு விநாடி வீதம் எல்லாவற்றையும் பார்க்க 11 கோடி வருஷத்துக்கு மேல் ஆகும். சம்பந்தமில்லாத நான்கு சொற்கள். பகடை சொன்னவை, மனசு சொன்னவை அல்ல.

அரைக்கிற வேலையை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். நல்ல சரக்காகப் போடுகிற பொறுப்பு மட்டும், சமையலறையில் போலவே, நம் கையில்தான் இருக்கிறது!